டெய்சிக்கு எடுத்த அளவு

ராணி சந்தில் மாட்டிக்கொண்ட காலையில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே தலைக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அவளுக்குப் பின்னால் என் மனைவி கற்பகம். எங்கள் இருவருக்கும் நடுவே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முழு மாடு. இடது கைப்பக்கம் எங்கள் வீட்டுச் சுவர். வலது கைப்பக்கம் பக்கத்து வீட்டுச் சாலமன் சாரின் காம்பவுண்டுச் சுவர்.

"இழுங்க!" என்றாள் கற்பகம், மாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நீ தள்ளு!"

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க அங்க நின்னு என்ன பண்றீங்க?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நெருக்கடி வரும்போதெல்லாம் நான் எடுத்துக்கொள்ளும் வேலை அது ஒன்றுதான்.

தெருவில் பால் ஊற்றிக்கொண்டு வந்த எத்திராஜ் சைக்கிளை நிறுத்தினார். சொந்தமாக நாலைந்து மாடு வைத்திருப்பவர். எங்கள் பேட்டையில் மாடு பற்றிப் பேச்சு எழுந்தால் அவர் வராமல் அது முடியாது.

"இன்னா சார், டபுள் டெக்கர் பஸ்ஸ கொண்டாந்து சந்துல உட்டுகினு நிக்கற? ரிவர்ஸ் எடு!"

"ரிவர்ஸ் போக மாட்டேங்குது எத்திராஜ்."

"மாடு எப்ப சார் ரிவர்ஸ் போயிருக்குது? சும்மா சொன்னேன்."

கொல்லையிலிருந்து மாடு தெருவுக்கு வர இருந்த ஒரே வழி அந்தச் சந்து. அகலம் இரண்டரை அடி. அதிலும் நடுவழியில், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாய் சுவரை ஒட்டி வந்து அரைச் சாண் இடத்தைத் தின்றுவிடும். ராணியின் வயிறு சரியாக அந்தக் குழாயில் போய்ச் சிக்கியிருந்தது. குழாயைக் கழற்றக்கூடாதா என்பீர்கள். எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி அதைக் கான்கிரீட் போட்டு இறுக்கியிருந்தார். அந்த வீட்டிலேயே அவர் உறுதியாகக் கட்டியது அது ஒன்றுதான்.

கடைசியில் சாலமன் சாரின் சுவர்தான் போனது. ஒரு ஆள் நீளத்துக்கு.

சாலமன் சார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கத்த மாட்டார். சிவப்புக் கொடியா பச்சைக் கொடியா என்பதை ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுவார். சுவரை என் செலவில் திரும்ப எழுப்பி முடித்த அன்று, ஈரப் பூச்சைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ்டர் நடராஜன், இந்த ஒரு தடவை போகட்டும். இனிமே உங்க மாட்டுக்காக இந்தச் சுவர்ல நீங்க ஒரு செங்கல்ல கை வெச்சாலும், மாட்டை எல்லாம் வித்துடணும். சரியா?"

நான் உடனே சரி என்றேன். அடுத்தவர் பொருளைப் பணயம் வைப்பதில் எனக்கு எப்போதும் தாராள மனசு. மாடு கற்பகத்தினுடையது.

முதலில் சுவர் இல்லை

வெளியே போக முடியாத மாடு உள்ளே எப்படிப் போனது என்று நியாயமாக ஒரு கேள்வி வரும். தெருவில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சிலர் ராணியைப் பார்க்கவே வந்தார்கள்.

நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் பக்கத்து மனை காலி. கருவேல முள்ளும் காட்டாமணக்கும்தான். நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். என் மாமனார் படப்பையிலிருந்து சீர்வரிசையாக ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். சின்னச் சிவப்பு நாட்டு மாடு. "பாட்டன் வழியில சிந்தி மாட்டு ரத்தம் ஓடுது" என்று பெருமையாகச் சொன்னார். பெயர் செவலை. காலி மனை வழியாக அது கொல்லைக்குப் போகும், வரும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

செவலையின் பாலைக் கற்பகம் நாலு வீட்டுக்கு ஊற்றினாள். அதைவிட நல்ல வருமானம் வேறொன்றில் வந்தது. அப்போது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புது வீடு. புது வீடென்றால் கிரகப்பிரவேசம். கிரகப்பிரவேசம் என்றால் விடியற்காலையில் பசுவும் கன்றும் வாசற்படி ஏற வேண்டும். கற்பகம் செவலைக்கு மஞ்சள் தடவி, கொம்புக்குப் பூச் சுற்றி, ஓட்டிக்கொண்டு போவாள். வீட்டுக்காரர்கள் புடவை, தேங்காய், தட்சணை கொடுப்பார்கள். செவலை அவர்களுடைய புது மொசைக் தரைக்குத் தன்னால் ஆனதைக் கொடுத்துவிட்டு வரும். அவர்கள் அதையும் கும்பிடுவார்கள்.

அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கதவே வந்தது. ஆகவே கற்பகத்துக்கு மாடு பொழுதுபோக்கு இல்லை. என்னுடைய கருத்துகள்தான் பொழுதுபோக்கு.

லிட்டர் பேசணும் சார்

ராணி பிறந்ததற்கு நானும் எத்திராஜும் பொறுப்பு. செவலை பருவத்துக்கு வந்து கத்தியபோது எத்திராஜ் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"பல்லாவரத்துல ஒரு ஆளு கைல ஃப்ரீசியன் காளை கீது சார். கறுப்பு வெள்ளை. அத்த சேத்தினா பொறக்கற கன்னு குடம் குடமா கறக்கும். உன் மாடு கறக்கறது கண்ணுக்கு மருந்து உடத்தான் ஆவும். லிட்டர் பேசணும் சார், லிட்டரு!"

எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகச் செவலையை ஓட்டிக்கொண்டு பல்லாவரம் வரை நடந்தேன். குரோம்பேட்டையில் என் கம்பெனி பஸ் என்னைக் கடந்து போனது. ஜன்னலுக்கு ஒரு தலையாக எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கு நான் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தேன்.

காளையைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. லாரிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது அது. செவலை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

செவலை எப்படியோ தப்பிப் பிழைத்து ராணியை ஈன்றது. ராணி கொல்லையில் வளர்ந்தாள். வளர்ந்தாள், வளர்ந்துகொண்டே இருந்தாள். அதே சமயத்தில் பக்கத்து மனையைச் சாலமன் சார் வாங்கி, வீடு கட்டி, சுவரும் எழுப்பினார். ராணி அகலமாகிக்கொண்டு வர, வழி குறுகிக்கொண்டு வந்தது. இரண்டையும் தினமும் பார்த்த நான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. ஸ்டோர்ஸில் என் வேலையே வருகிற சாமான் கதவுக்குள் நுழையுமா என்று பார்ப்பதுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுவரை இடித்து வெளியே வந்த ராணி திரும்பக் கொல்லைக்குப் போகவே இல்லை. எத்திராஜே வாங்கிக்கொண்டார். கிரகப்பிரவேசத்துக்கு அவளை ஒருமுறை அழைத்துப்போய்ப் பார்த்தாராம். வீட்டுக்காரம்மா வாசலிலேயே மறித்து, "இது பசுவா, எருமையா?" என்று கேட்டார்களாம்.

மீடியம் என்றால் எவ்வளவு?

அதற்குப் பிறகு செவலை மறுபடி கத்தியபோது கற்பகம் என்னை முந்திக்கொண்டாள். மாட்டாஸ்பத்திரியிலிருந்து இன்ஸ்பெக்டர் தேவராஜை வரச் சொன்னாள். மொபெட்டின் பின்னால் புகை கக்கும் சின்ன உருளையைக் கட்டிக்கொண்டு வருவார். அதற்குள்ளே உறைபனியில் ஊர்ப்பட்ட காளைகளின் விந்து குச்சி குச்சியாக இருக்கும். எந்த இனம் வேண்டும் என்று சொன்னால் அந்த ஊசி.

அன்று எங்கள் கொல்லையில் ஒரு மாநாடே கூடியது. தேவராஜ், எத்திராஜ், கற்பகம், நான். சுவருக்கு மேலே சாலமன் சாரின் தலை.

"ஃப்ரீசியன் போட்டா பால் ஜாஸ்திதான்" என்றார் தேவராஜ். "ஆனா நம்ம மே மாச வெயிலுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுடும். தீனி கட்டுப்படி ஆகாது. ஜெர்சி போடுங்க. உடம்பு சின்னது, பாலும் கெட்டியா வரும்."

"ஜெர்சியா? ஆட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் சார் அது" என்றார் எத்திராஜ். "இன்னொருவாட்டி பல்லாவரம் போய்ட்டு வந்துடலாம்."

"வேண்டாம்" என்று நானும் செவலையும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தோம்.

"சிந்தி" என்றது சுவருக்கு மேலிருந்த தலை. "ட்யூட்டில ஓசூர் பக்கம் போறப்போ பாத்திருக்கேன். செக்கச்செவேல்னு, அடக்கமா. நோய் நொடி அண்டாது."

"உங்களுக்கு என்ன சார் இதுல இவ்வளவு அக்கறை?" என்று கேட்டேன்.

"என் சுவர் மிஸ்டர்."

தேவராஜ் பொறுமையாகக் கற்பகத்தைக் கேட்டார்: "உங்களுக்கு எப்படிப்பட்ட மாடு வேணும்மா? அதைச் சொல்லுங்க."

கற்பகம் யோசிக்காமல் சொன்னாள்: "தாய் மாடா வேணும். கன்னுகிட்ட பாசமா இருக்கணும். கன்னு முட்டின உடனே பால் இறங்கணும், காம்பு கைக்கு அடங்கணும், உதைக்கக் கூடாது. கிரகப்பிரவேசத்துக்குப் போனா வாசப்படி தாண்டணும். ரொம்பப் பெருசும் வேணாம், ரொம்பச் சின்னதும் வேணாம். மீடியமா."

"மீடியம்னா எவ்வளவு?"

நான் சந்தைக் காட்டினேன்.

தேவராஜ் சந்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "டிபார்ட்மென்ட்ல அப்படி ஒரு அளவு கிடையாது சார்" என்றார்.

ஜெர்சி என்று முடிவானது. செவலை பெண் கன்று ஈன்றது. வெளுத்த சந்தன நிறம், மான் கண், கால் மட்டும் அம்மாவைப் போலக் குட்டை. சாலமன் சாரைக் குளிர்விக்க நினைத்து, நீங்களே ஒரு பெயர் வையுங்கள் என்றேன். டெய்சி என்றார். தெருவில் என்னை "டெய்சி அப்பா" என்று சிலர் கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அளவு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு தையல்காரர் டேப் வாங்கி வந்தேன். ஞாயிறுதோறும் காலையில் டெய்சியின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மரப்பலகையை நிறுத்தி, நடுவிலிருக்கும் தூரத்தை அளப்பேன். பிறகு போய்ச் சந்தை அளப்பேன். சந்து ஒருவேளை மாறியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

"பொண்ணுக்கு ஜாக்கெட் தைக்கிறீங்களா?" என்பாள் கற்பகம்.

டெய்சி வளர்ந்து நின்றபோது சந்தில் குழாயைத் தாண்டி, இரண்டு பக்கமும் விரற்கடை இடைவெளியோடு, ஒய்யாரமாகப் போனாள். சாலமன் சார் சுவருக்கு மேலே தலையை நீட்டி, பச்சைக் கொடி காட்டுவதுபோல் கையை ஆட்டினார். நான் அன்று ஆபீசில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தேன்.

அவளுக்குப் பருவம் வந்ததும் தேவராஜ் வீட்டுக்கே வந்தார். "தலைச்சன் ஈத்து. பெரிய காளை வேணாம். சிந்தி போட்டா கன்னு சின்னதா, சிரமமில்லாம வரும்." சாலமன் சாருக்கு அன்று கண் கலங்கிவிட்டது. வீட்டிலிருந்து பிளம் கேக் கொண்டுவந்து, டெய்சிக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

ஊசி போட்ட பிறகு நான் அளப்பதை நிறுத்திவிட்டேன். பரீட்சையில் பாஸான பிள்ளையை யாராவது மறுபடி கேள்வி கேட்பார்களா? நிறைமாதம் நெருங்கியபோது மேய்ச்சலுக்கு விட வேண்டாமென்று கொல்லையிலேயே கட்டிப்போட்டோம்.

அப்போதுதான் ஐப்பசி வந்தது.

மழை

அந்த மழையில் கம்பெனிக்கே லீவு விட்டார்கள். கொல்லையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, முற்பகலில் டெய்சியின் முழங்காலைத் தொட்டது. செவலை எப்போதும் போலத் தானாகவே நடந்து முன்பக்கம் போர்டிகோவில் போய் நின்றுகொண்டது. டெய்சியையும் ஓட்டிப் போனால் சரியாகிவிடும். நான் முன்னால் கயிற்றைப் பிடித்தேன். கற்பகம் பின்னால் வந்தாள். டெய்சி குழாய்வரை நல்லபடியாக வந்தாள்.

பிறகு வரவில்லை.

"இழுங்க" என்றாள் கற்பகம்.

"நீ தள்ளு" என்றேன்.

இதே வசனத்தை இதே இடத்தில் பேசியது இருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

நான் குனிந்து பார்த்தேன். ஜெர்சி, சிந்தி, நாட்டு மாடு மூன்றையும் கலந்து நாங்கள் செய்த மீடியம் சைஸ் வயிறு, பீப்பாய் மாதிரி உப்பிக் குழாயில் சிக்கியிருந்தது. மழைக்கு நனைந்தபடி, அந்தப் பக்கத்திலிருந்து கற்பகத்தின் குரல் வந்தது:

"தாய் மாடு வேணும், தாய் மாடு வேணும்னு ஊரே கூடிப் பேசினோம். தாயாகறதுக்கு முன்னாடி வயிறு வரும்னு ஒருத்தருக்குமா தோணலை? ரெண்டு பெத்தவ, எனக்குமா தோணலை!"

முன்னாலிருந்து தள்ளிப் பார்த்தேன். டெய்சி பின்வாங்கவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நல்லெண்ணெயைக் கொண்டுவந்து குழாயில் ஊற்றினோம். குழாய்தான் பளபளத்தது. எத்திராஜ் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அன்றைக்கு அவர் பஸ் ஜோக் எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"சார், இது வலி எடுத்துக்கிச்சு. வாலைத் தூக்கினு நிக்குது பாரு."

"தேவராஜைக் கூப்பிடலாமா?"

"சப்வேல இடுப்புத் தண்ணி சார். எங்க வருவாரு?"

"சுவத்த இடிக்கணும்" என்றார் எத்திராஜ் அடுத்த நிமிஷமே. இடித்தால் டெய்சி பிழைப்பாள். ஆனால் சாலமன் சாருக்குக் கொடுத்த வார்த்தைப்படி டெய்சியும் போக வேண்டும், செவலையும் போக வேண்டும். பால் வீடுகள், கிரகப்பிரவேசம், எல்லாம் போகும்.

"இடிங்க" என்றாள் கற்பகம். "உசுரோட போகட்டும்."

நான் கடப்பாரையைத் தேடித் திரும்பினேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் ணங்கென்று ஒரு சத்தம். மேல்வரிசையில் ஒரு செங்கல் ஆடியது. இன்னொரு அடி. செங்கல் அந்தப் பக்கமாக உருவிக்கொண்டு போனது. அந்த ஓட்டை வழியாக ரயில்வே ரெயின்கோட்டுக்குள் சாலமன் சாரின் முகம் தெரிந்தது.

"தள்ளி நில்லுங்க மிஸ்டர்" என்றார், மூச்சு வாங்க.

"சார், நிறுத்துங்க!" கற்பகம் அலறினாள். "கன்னு வருது! கால் தெரியுது! சுவர் அது மேல விழுந்துடப் போகுது!"

எத்திராஜ் வாசல் வழியாக நுழைந்து, கூடம், சமையலறை எல்லாம் தாண்டிக் கொல்லைக்கு ஓடினார். நானும் ஓடியிருக்கலாம். ஆனால் டெய்சியின் தலை என் தோளில் இருந்தது. ஒரு கையில் குடையைப் பிடித்து அவள் கொம்புகள் நனையாமல் பார்த்துக்கொண்டேன். உடம்பு முழுவதும் நனைகிற மாட்டுக்குக் கொம்பு நனையாமல் காத்த பெருமை என்னையே சேரும்.

நின்றபடியேதான் ஈன்றாள். முதலில் இரண்டு முன்னங்கால், பிறகு மூக்கு. பின்னால் நடப்பது எனக்குக் குரல்களாக மட்டும் வந்தது. "யக்கா, புடி புடி", "வழுக்குது", "கோணியை விரி". அப்புறம், பழைய கதவு திறக்கிற மாதிரி, மெல்லிசாக ஒரு "ம்மே".

டெய்சியின் காது இரண்டும் பின்னால் திரும்பின.

என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். தொண்டைக்குள்ளேயே, வாயைத் திறக்காமல், ஒரு சத்தம் கொடுத்தாள். அதுவரை அவளிடம் நாங்கள் கேட்டறியாத சத்தம். பிறகு ஒரு பின்னங்காலைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். பாரம் இறங்கிய வயிறு எண்ணெய்க் குழாயில் வழுக்கிக்கொண்டு விடுபட்டது.

கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. மாடு ரிவர்ஸ் போகாது என்று ஊருக்கெல்லாம் தெரியும். டெய்சி வந்த வழி முழுவதையும், எங்கும் இடிக்காமல், கன்று இருந்த இடம்வரை பின்னாலேயே நடந்து போனாள்.

நான் கூடத்து வழியாகக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சமையலறைப் படியில் கோணிமேல் கிடந்த செக்கச்செவேலென்ற கன்றை அவள் நக்கிக்கொண்டிருந்தாள். நக்குகிற வேகத்தில் கற்பகத்தின் முழங்கையையும் சேர்த்து நக்கினாள்.

"இதுதாங்க நான் கேட்ட மாடு" என்றாள் கற்பகம். அழுதாளா, மழையா, தெரியவில்லை.

ஒரு செங்கல்

சுவருக்கு மேலே சாலமன் சாரின் தலை வந்தது. கையில் அந்தச் செங்கல். எங்கள் எல்லோர் கண்ணும் அதன்மேல் போய் நின்றது. கற்பகம் கன்றைக் கோணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சாலமன் சார் செங்கலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க கை வெச்சா மாட்டை விக்கணும்னுதானே பேச்சு?" என்றார். "இதை எடுத்தது நான். உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

பிறகு, "பொண்ணா, பையனா?" என்று கேட்டார்.

"பொண்ணு சார்."

"சிந்தி மாதிரியே இருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்."

"நீ சொன்னது செவலைக்கு நைனா" என்றார் எத்திராஜ்.

அந்தச் செங்கலைச் சாலமன் சார் திரும்பப் பூசவே இல்லை. மறுநாள் அந்த ஓட்டை வழியாகத்தான் கற்பகம் சீம்பால் காய்ச்சிய கிண்ணத்தை நீட்டினாள். தினமும் காலையில் பால் சொம்பும் அதே வழியாகப் போய் வரத் தொடங்கியது.

அந்த மழை நாளிலேயே, கன்று காய்ந்து, எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்றதும் நான் உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தேன். இந்த முறை பிறந்த நாளிலிருந்தே கணக்காக இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். கற்பகம் டேப்பை என் கையிலிருந்து வாங்கி, என் வயிற்றைச் சுற்றிப் போட்டாள். கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்தாள். சந்தைப் பார்த்தாள்.

"நீங்க இனிமே கூடத்து வழியாவே போய்ட்டு வந்துடுங்க" என்றாள்.